இரண்டாவது பிரேக்

பதினேழு வருஷமாய் இடப்பக்க சீட்டில் உட்கார்ந்து
கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறேன்.
சாட்ஸ்வர்த்தின் வேகத்தடை ஒவ்வொன்றையும்
என் அடிவயிறு பெயர் சொல்லிக் கூப்பிடும்.

பாஸ்டர் சைலஸ் நாயக்கர்
அறுபத்தொரு வயதில் லைசென்ஸ் எடுக்க வந்தார்.
மேடு வரும். பார்க்கமாட்டார். தூக்கிப் போடும்.
"ஸ்தோத்திரம், மன்னியுங்கள் சிஸ்டர்."
நான் மன்னித்துவிடுவேன்.
உள்ளாடை மன்னிக்காது.

ஒரு சொட்டுதான்.
பிறகு நாள் முழுக்க அந்தச் சொட்டின் மேல் உட்கார்ந்திருப்பது.

தூரம் நின்ற வருஷம்
தொல்லை விட்டதென்று பிரேயானி ஆக்கினேன்.
விட்டுப்போனது தொல்லை இல்லை, ஈரம்.
எச்சில் மாதிரி, கேட்காமலே ஊறிக்கொண்டிருந்தது அது.
நடந்தால் எரிச்சல். உட்கார்ந்தால் மணல்தாள்.

லோகன் இரண்டு முறை கேட்டான்.
மூன்றாம் முறை கேட்காமல்
டொயோட்டாவில் நைட் ஷிஃப்ட் வாங்கிக்கொண்டான்.
நல்ல மனசு என்று சில நாள் எடுத்துக்கொண்டேன்,
கோபம் என்று சில நாள்.

டாக்டர் முதலில் களிம்பு கொடுத்தாள்.
டர்பன் வெக்கைக்குப் பயந்து ஃபிரிட்ஜில்
மாங்காய் அச்சாருக்குப் பின்னால் வைத்தேன்.
"இது என்னம்மா, பல்லுக்கா?" என்றான் மகன்.
பல்லுக்குத்தான் என்றேன்.

களிம்பு கொஞ்சம் கேட்டது. கொஞ்சம்தான்.
லேசர் இருக்கிறது என்றாள்.
கத்தி இல்லை, தையல் இல்லை, மூன்று முறை வரவேண்டும்.
"சத்தியம் பண்ணமாட்டேன்.
சிலருக்குக் கேட்கிறது. சிலருக்குக் காசு மட்டும் போகிறது.
ஆராய்ச்சி இன்னும் முடியவில்லை."
சத்தியம் பண்ணாததால் நம்பினேன்.

மெடிக்கல் எய்ட் கையை விரித்தது.
அடுப்படிக்குக் கிரானைட் போடச் சேர்த்த பணம் இருந்தது.

உம்ஷ்லாங்கா, நான்காம் மாடி.
துறைமுகத்தில் இடம் கிடைக்காமல் கடலில் நிற்கும் கப்பல்கள்,
பதினொன்று எண்ணினேன்.
பக்கத்து நாற்காலியில் மடியில் கைக்குழந்தையோடு ஒருத்தி.
தும்மல் வந்ததும் தொடையை இறுக்கினாள்.
அதே நொடி நானும் இறுக்கினேன்.
தும்மியது அவள்தான்.

கால்களைத் தூக்கி வைத்தார்கள். பச்சைக் கண்ணாடி மாட்டினார்கள்.
என் வலது கால் காற்றில் பிரேக்கைத் தேடியது.
"இங்கே நீ ஓட்டவில்லை, மம்மா" என்றாள் நர்ஸ் நொம்வுலா.

சூடு.
சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ அடுப்பு மூட்டியது போல.
டிக், டிக் என்று இண்டிகேட்டர் சத்தம்.
எந்தப் பக்கம் திரும்பப்போகிறோம் என்று நினைத்தேன்.

அப்போது கரண்ட் போனது.
அட்டவணையில் நாலு மணி என்றுதான் போட்டிருந்தது.

இருட்டில் மூன்று பெண்கள்,
ஒருத்திக்கு மட்டும் கால் மேலே.
யார் முதலில் சிரித்ததென்று தெரியாது.
சிரித்தால் சொட்டும். சொட்டியது.
"டாக்ஸியில் எனக்கும்..." என்று தொடங்கிய நொம்வுலா
முடிக்க முடியாமல் கட்டிலைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.
டாக்டர் ஒரே வரி சொன்னாள்:
"எனக்கு நாற்பத்தாறிலேயே."

கீழே ஜெனரேட்டர் இருமி எழுந்தது.
வெளிச்சம் வந்ததும்
மூவரும் வேறு வேறு பக்கம் பார்த்தோம்.

கிரானைட் எப்போது என்று கேட்டான் லோகன்.
பணத்தை எங்கே போட்டேன் என்று சொன்னேன்.
பழைய ஃபார்மைக்காவின் உரிந்த ஓரத்தை
வெகுநேரம் நகத்தால் தட்டிக்கொண்டிருந்தான்.
"வலித்ததா?"
முன்பே கேட்டிருக்கலாம்.
கேட்டிருந்தால் நானும் இல்லை என்றுதான் சொல்லியிருப்பேன்.

இரண்டு முறை முடிந்தது, ஒன்று பாக்கி.
எரிச்சல் பாதி குறைந்திருக்கிறது.
களிம்பா, லேசரா, அவன் கேட்டதா,
பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

செவ்வாய்க்கிழமை மான்ட்ஃபோர்ட் இறக்கத்தில்
பாஸ்டர் மேட்டைப் பார்க்கவில்லை.
நான் பார்த்தேன்.
என் பக்கத்து பிரேக்கின் மேல்தான் கால் இருந்தது.
அழுத்தவில்லை.

தூக்கிப் போட்டது.
"ஸ்தோத்திரம், மன்னி..."
"பேசாதீர்கள் பாஸ்டர்" என்றேன்,
"ஒரு நிமிஷம்."